ஒரு கையெழுத்து பாக்கி

“மறைக்கறது தப்புப்பா. லைசென்ஸ் ஆபீஸுக்கு எழுதிப் போட்டே ஆகணும்,” என்றான் மகன்.

அப்பா கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “யாருக்குடா தெரியப் போகுது? முப்பது வருஷமா ஒழுங்காத்தானே இருந்திருக்கேன்? இந்த ஒரு தடவை விட்டுடு.”

“நேத்து வலப்பக்கம் வந்த ஸ்கூட்டர்காரன் கண்ணுலயே படலை. மயிரிழையில தப்பிச்சான். பஸ்ஸுக்குள்ள நாற்பது பேர் இருந்தாங்கப்பா.”

“ஸ்டியரிங் பிடிச்ச கை வீட்டுல சும்மா கிடக்குமாடா?”

“ஏன் கிடக்கணும்? டிப்போவுலயே வேற வேலை தருவாங்க. ஆறு மாசம் ஒழுங்கா வைத்தியம் பார்த்தா மறுபடியும் பஸ்ஸை எடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

அப்பா வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜை மேலிருந்த படிவத்தை இழுத்தார். நோயாளி என்ற இடத்தில், பஸ் டிரைவரான மகனின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. கண் மருத்துவரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“எங்கடா போடணும்? எனக்கு ஒண்ணுமே தெரியலை,” என்றார், கண்களைத் துடைத்தபடி.

மகன் அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துச் சிரித்தான்.

“அப்படின்னா உங்க லைசென்ஸுக்கும் ஒரு படிவம் எடுங்க, டாக்டர்!”