கழுகு பிடித்த பொட்டலம்

"கையும் களவுமாப் பிடிச்சுட்டேன் சார்" என்று பொட்டலத்தை மேனேஜர் மேஜைமேல் வைத்தார் வாட்ச்மேன்.

பட்டறையில் அவருக்குக் கழுகு என்று பேர். சாயங்காலம் கேட்டைத் தாண்டுகிற எந்தப் பையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இன்றைக்கு மாட்டியது கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற அக்கா. தலையைக் குனிந்து நின்றாள். பக்கத்தில் கேன்டீன் மாஸ்டர், கொதிக்கிற உலை மாதிரி.

"என்ன இது?"

"மோர்ப்பொடி சார். நான் வறுத்து வச்ச பொடி."

அந்தப் பொடிக்குப் பட்டறையில் தனி மரியாதை. இரும்பு உருக்குகிற இடம். வெயில் காலம் வந்துவிட்டால் உள்ளேயும் நெருப்பு, வெளியேயும் நெருப்பு. போன வருஷம் உலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். இந்த வருஷம் மாஸ்டர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். குழம்பில் மிளகாயைப் பாதியாகக் குறைத்தார். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆளுக்கு ஒரு சொம்பு நீர்மோர். உப்பு, இஞ்சி, அதற்குமேல் சீரகமும் மல்லியும் துளி வெந்தயமும் வறுத்து இடித்த பொடி.

"வெயிலை வயித்தாலதான் ஜெயிக்கணும்" என்பார் மாஸ்டர். ஜெயித்தும் விட்டார். இந்த வருஷம் இதுவரை ஒருத்தரும் விழவில்லை.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் சார் இது. இன்னிக்குப் பொடி, நாளைக்கு அண்டா. இவங்களை நிறுத்துங்க, இல்லன்னா நான் நின்னுக்கறேன்" என்றார் மாஸ்டர்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, நீ ஏதாவது சொல்றியா?"

"ஒண்ணுமில்ல சார்."

வேறு வழியில்லை. மேனேஜர் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "மாஸ்டர், எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லிடுங்க. உங்க பொடிதானே?"

மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து மூக்குக்கிட்டே கொண்டு போனார். கண்ணை மூடி ஆழமாக இழுத்தார்.

"சந்தேகமே வேணாம் சார். பொன்னா வறுத்த வாசனை. வறுக்கறதுக்குக் கண்ணே வேணாம், மூக்கு போதும்னு சும்மாவா சொல்றேன்? என் கைப் பொடிதான்."

மேனேஜரும் ஆசையாக வாங்கி மோந்தார். முகம் சுளித்தார். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். வெந்தயம் கருகிப்போய்க் கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கியது.

திருடுகிறவள் கருகினதையா திருடுவாள்?

"கேன்டீன் டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றார் வாட்ச்மேனிடம்.

டப்பா வந்தது. மூடியைத் திறந்ததும் அறை முழுக்கச் சீரக வாசனை. நிறத்தில் இரண்டு பொடிக்கும் பெரிய வித்தியாசமில்லை. வாசனையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

"அட, இந்த வாசனைதான் சார்" என்றார் கழுகு. "தினம் காலையில இந்தக்கா உள்ள வரும்போது பையிலருந்து அடிக்கும்."

"அப்பப் பையைப் பாக்கலையா?"

"உள்ள வர்ற பையை எதுக்கு சார் பாக்கணும்? திருடினவங்க வெளியதானே போவாங்க."

மேனேஜர் மெதுவாகப் பேனாவைக் கீழே வைத்தார். காலையில் நல்ல பொடி உள்ளே வருகிறது. சாயங்காலம் கருகின பொடி வெளியே போகிறது. நடுவில் அறுபது பேர் மோர் குடித்துவிட்டு மாஸ்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

அக்கா பதறிப்போய் முன்னால் வந்தாள். "சார், நான்தான் எடுத்தேன். திருடினேன்னே எழுதிக்குங்க. வேற எதையும் நோண்டாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மூக்கு போன சமையல்காரருக்கு எந்த அடுப்படியில் இடம் கிடைக்கும்? மேனேஜர் மாஸ்டர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பேசினார்.

"மாஸ்டர், இந்தப் பொட்டலத்துல இருக்கறது கருகிப்போன பொடி. உங்க பொடி கருகுமா? இது வேற யார் வீட்டுப் பொடியோ. ஆமான்னு சொல்லுங்க, இத்தோட முடிச்சுடலாம்."

ஒரு தலையாட்டு போதும். அவள் வேலையும் பிழைக்கும், இவர் பேரும் பிழைக்கும்.

மாஸ்டர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மோந்து பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என் பொடிதான் சார்" என்றார். "போன மழைக்காலத்துல விஷ ஜுரம் வந்து போனதுலருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. வெளிய சொன்னா வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். எல்லாரும் மோர் அமிர்தமா இருக்குன்னாங்களா, கை பழக்கத்துலயே பக்குவம் வந்துடுதுன்னு நெனச்சேன்."

அக்காவை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்மா?"

"மொத நாளே, அண்ணே. வாணலியைத் தேய்க்கறவளுக்குத் தெரியாதா? குப்பையில கொட்டினா உங்க கண்ணுல படும். அதான் வீட்டுல வறுத்ததை டப்பாவுல மாத்தி வச்சுட்டு, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்."

மேனேஜர் காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

மாஸ்டர் டப்பாவை மூடி, கருகின பொட்டலத்தைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"நாளைக்குப் பாத்திரத்தை நான் தேய்க்கறேன்மா. நீ அடுப்புக்கிட்ட வந்து நில்லு. எப்ப இறக்கணும்னு நீ சொல்லு."