ஷிப்டு தாங்கும்

தொழிற்சாலை வாசலில் மூன்று நொடி நின்றால் போதும்; இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதை ஸ்கேன் படம்பிடித்துப் பச்சை விளக்கைப் போடும். நேற்று காலை அந்தப் பச்சையோடு உள்ளே போன சூசைராஜ், வேலை முடிந்து வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்து இறந்தார்.

இன்று அவர் மனைவி அமலி, ஸ்கேன் பார்க்கும் குமரகுருவிடம் பழைய படங்களைக் காட்டச் சொன்னாள். ஒரு வருடமாகவே வால்வு கசிந்து ரத்தம் பின்னோக்கிப் போயிருந்தது.

“தெனமும் பாத்தியேடா! ஒரு வார்த்த சொன்னியா?”

“அன்னன்னிக்கு ஷிப்டு தாங்குமான்னு மட்டுந்தாங்க்கா பாக்கச் சொல்லியிருக்காங்க. முடிச்சிட்டுத்தானே வெளிய வந்தாரு?”

அமலி வாசலுக்குள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவள் தலைக்கு மேல் பச்சை எரிந்தது.

அவன் திரையைப் பார்த்தான். “ஒங்களுக்கு நல்லா இருக்குக்கா. அவரு எடம் காலியாத்தான் இருக்கு.”