வடிவின் ஓட்டம்

கடற்கரையில் குழி தோண்டி வாழ்ந்த நண்டு வடிவுக்குத் தலைக்கு மேலே எது நகர்ந்தாலும் ஆகாது. நிழல் மணலைத் தொட்டதோ இல்லையோ, கொடுக்கில் இருக்கும் மீன் துண்டைக்கூடப் போட்டுவிட்டுக் குழிக்குள் ஓடிவிடுவாள். அவள் போட்டதையெல்லாம் தின்று பக்கத்துக் குழி மாசானம் கொழுத்துப்போயிருந்தான்.

"என்ன வடிவக்கா, இன்னைக்கு மட்டும் பதினேழு தடவை ஓடிட்டீங்க. பன்னிரண்டு மேகம், அஞ்சு படகுப் பாய். ஒரு பருந்தாவது வந்துச்சா?"

"வரலை தம்பி. அதான் எனக்குச் சரியாப் படலை" என்றாள் வடிவு.

பதினெட்டாவது நிழல் விழுந்தது. "இதுவும் மேகந்தான்க்கா" என்று மாசானம் சிரிப்பது குழிக்குள் அவளுக்குக் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். அவன் பாதி தின்ற மீன் துண்டு மட்டும் மணலில் கிடந்தது. வயிறு கிள்ளியது. ஆனாலும் தொடவில்லை. இவ்வளவு நல்ல மீனை யாராவது சும்மா விட்டுவிட்டுப் போவார்களா?

அடுத்த பருவத்தில், வடிவு கடலில் விட்ட முட்டைகளிலிருந்து பொரித்த குஞ்சு நண்டுகள் கூட்டமாகக் கரையேறின. ஒரு மேகம் நகர்ந்ததுதான் தாமதம், கொடுக்கில் இருந்ததைப் போட்டுவிட்டு அத்தனையும் ஓடின. நின்று சிரிக்க ஒன்றுகூட இல்லை.

வடிவு கண்களை நீட்டிப் பார்த்தாள். கரை முழுக்கத் தன் ஜாடை. மாசானத்தின் ஜாடையில் ஒன்றையும் காணோம்.

"இதுல என்னமோ இருக்கு" என்று முனகிக்கொண்டே குழிக்குள் இறங்கினாள்.