முந்தின நாள் ஆபர்

"ஆபர் எல்லா மிலிட்டரிக்காரவுக வீட்டுக்கும்தானே? ஆளு பாத்துக் குடுப்பீகளா?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள் அந்த அம்மாள். நாற்பது வயசு இருக்கும். தோளில் ஊருக்குப் போகிறவள் மாதிரி ஒரு பெரிய பை.

"அதெல்லாம் இல்லக்கா. சிப்பாய் வீடு, சுபேதார் வீடு, எல்லாம் ஒண்ணுதான். டிக்கெட் மட்டும் காட்டணும்" என்றாள் ரோகிணி.

மதுரையில் திருநகரைத் தாண்டி, மிலிட்டரி குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே கடை. புருஷன்மார் எல்லையில், பொண்டாட்டிமார் குவார்ட்டர்ஸில். அங்கே பியூட்டி பார்லர் போட்டால் கூட்டம் அள்ளும் என்று நம்பித்தான் போட்டாள். மூணு மாசம் ஈ ஓட்டியதுதான் மிச்சம். அப்புறம்தான் ஒரு நோட்டீஸ் அடித்து, காய்கறி வண்டி கண்ணுச்சாமியிடம் கொடுத்து, கீரைக்கட்டோடு கீரைக்கட்டாக வீடு வீடாய்ச் சேர்த்தாள்.

'வீட்டுக்காரர் லீவில் வருகிறாரா? முந்தின நாள் எங்களிடம் வாருங்கள். எல்லாமே பாதி விலை!'

அடேங்கப்பா! அந்த வாரமே கடை நிரம்பிவிட்டது. கூடவே புளுகும் வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் பரோட்டா வீசுகிற புருஷனையெல்லாம் சில மகராசிகள் காஷ்மீரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கையைச் சுட்டுக்கொண்ட ரோகிணி சட்டம் போட்டாள்: வீட்டுக்காரர் வருகிற ரயில் டிக்கெட்டைக் காட்டினால்தான் ஆபர். இனி ஒருத்தி ஏமாற்றினாலும் ஆபரையே மூடிவிடுவேன் என்று, கடையில் கூடமாட வேலை பார்க்கும் இருளாயியிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

சொன்னாளே தவிர, மூட மனசே இல்லை. காத்திருக்கிறவளின் அருமை அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் சிவக்குமாரும் பட்டாளத்தில்தான், வடக்கே பனிமலையில். பார்த்துப் பதினாலு மாசம். இரண்டு தடவை லீவு கிடைத்து, இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் ரத்து. மூணு நாளாகப் போனும் போகவில்லை. டவர் இருக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்டா? இந்தா பாத்துக்கங்க."

அந்த அம்மாள் செல்போனை நீட்டினாள். டில்லியிலிருந்து மதுரை. கன்பர்ம். நாளைக் காலையில் வந்து சேர்கிறது. பெயர் இருக்கிற இடத்தில் மட்டும் அவள் கட்டை விரல்.

"பேசியல், தலைக்கு ஸ்பா, ரெண்டு கைக்கும் மருதாணி, காலு, நகம், ஒண்ணு விடாம வேணும். எல்லாம் பாதி விலைதானே?"

"பாதிதான்க்கா. உக்காருங்க."

உட்கார்ந்தால்தானே! ஒவ்வொரு கிரீம் டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தாள். தேதி பார்த்தாள். வெந்நீர்க் குழாயைத் திருகினாள். நாற்காலியை முன்னும் பின்னும் சாய்த்தாள். பெண் பார்க்க வந்த மாமியார்கூட இம்புட்டு நோண்ட மாட்டாள் என்று ரோகிணிக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தங்கச்சி. டிக்கெட் இருந்தா, யாரா இருந்தாலும் இந்தச் சேர்ல உக்கார வச்சு முழு ஆபரும் உண்டுல்ல? பெறகு சாக்குப்போக்கு சொல்லப்படாது."

"மீனாட்சி மேல சத்தியமா உண்டுக்கா."

அந்த நேரம் பார்த்து டீ வாங்கப் போயிருந்த இருளாயி தூக்குவாளியோடு உள்ளே வந்தாள்.

"அடியாத்தீ! சிம்மக்கல் தமிழ்ச்செல்வி அக்கால்ல நீங்க? நல்லா இருக்கீகளா? பாத்திரக்கடையில அண்ணே யாவாரம் எப்படிப் போகுது?"

ரோகிணி சட்டென்று திரும்பினாள்.

"பாத்திரக்கடையா?"

"ஆமா, எவர்சில்வர் பாத்திரம். எம் மக கல்யாணத்துக்கு அம்புட்டுச் சாமானும் அங்கதான எடுத்தோம்" என்றாள் இருளாயி, விவரம் புரியாமல்.

ரோகிணிக்கு மூக்கு நுனியில் கோபம் ஏறியது.

"எவர்சில்வர் விக்கிறவுகளுக்கு எந்த எல்லையிலக்கா லீவு? பாத்தா மருவாதியான ஆளாத் தெரியிறீக! உங்கள மாதிரி நாலு பேராலதான், நெசமாவே ஏங்கிக் கெடக்கிறவளுகளுக்கு ஒண்ணும் செய்ய முடியாமப் போகுது. இருளாயிக்கா, அந்த நோட்டீசக் கிழிங்க. இன்னையோட ஆபர் முடிஞ்சது!"

கண்ணில் தண்ணீர் முட்டியது.

தமிழ்ச்செல்வி அசரவில்லை. பெரிய பையைத் திறந்தாள். ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டினாள். பிரஷ், கிண்ணம், மருதாணிக் கோன் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"நாளையில இருந்து கிழிச்சுக்கங்க. இன்னைக்கு ஆபர் உண்டு, மீனாட்சி மேல சத்தியம் பண்ணிருக்கீக. எங்க வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை, எனக்கு சிம்மக்கல்லுல பார்லர். இது எங்க வீட்டுக்காரரு டிக்கெட்டுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

சொல்லிவிட்டுக் கட்டை விரலை எடுத்தாள். பயணி பெயர்: சிவக்குமார்.

"'ஊருல இருக்கிறவளுக்கெல்லாம் அவ முந்தின நாளு அலங்காரம் பண்ணி விடுறா, அவளுக்கு யாரு பண்ணுவாக்கா?'ன்னு எங்க பார்லர் நம்பரைத் தேடிப் புடிச்சு, ரயிலேறும்போது எனக்குப் போன் பண்ணுனாரு, டிக்கெட்டையும் அனுப்புனாரு. உங்ககிட்டப் பேசுனா உளறிருவாராம், அதான் போன அமத்தி வச்சிருக்காரு. உக்காருங்க தங்கச்சி, சேரு நல்லாத்தான் சாயுது."