ஏழு வெட்டு

"சொந்தக் கொள்ளுத்தாத்தா பேரைக் கெடுக்கறதுக்குன்னே ஒரு பொண்ணு பொறக்குமா?"

மேயர் ராய்ஸ் ஹட்சன் இதை எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். டவுன் மியூசியத்தில் அன்று நிற்க இடமில்லை.

முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த வெர்னா டில்லார்டுக்கும் கேட்டது. வயது எழுபது. மேயரை அரை டிராயரில் பார்த்தவள்.

"நான் எங்கடா ராய்ஸ் கெடுத்தேன்? நீங்க கெடுத்து வெச்சதைத்தான் கழுவ வந்திருக்கேன்."

"வயசாச்சில்ல, புத்தி பிசகிடுச்சு" என்று பின்வரிசையில் ஒரு குரல் உச்சுக் கொட்டியது.

டெக்சஸில் அந்த ஊருக்கு இருக்கும் ஒரே பெருமை, ஒரு காலத்தில் அங்கே காவலுக்கு இருந்த ஷெரிஃப் அமோஸ் டில்லார்டின் ரிவால்வர். அதன் எலும்புக் கைப்பிடியில் ஏழு வெட்டு. சாய்த்த ஆளுக்கு ஒரு வெட்டு. மியூசியம் வாசலில் அவருக்குச் சிலைகூட உண்டு. ஊர்ப் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஏழு வெட்டு பர்கர், ஏழு வெட்டு பனியன், சர்ச் நிதிக்காகப் பெண்கள் சுட்டு விற்கும் ஏழு வெட்டு பீச் பழ 'பை' பலகாரம்.

வருஷா வருஷம் ஊர்வலத்தில் வெர்னாவை முதல் காரில் ஏற்றி, 'ஏழு பேரைச் சாய்ச்ச சிங்கத்தோட வாரிசு!' என்று மைக்கில் அறிவிப்பார்கள். குழந்தைகள்கூட விரலைத் துப்பாக்கியாக்கி அவளைப் பார்த்து 'டுமீல்' என்பார்கள்.

இந்த வருஷம் அவள் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "எங்க அமோஸ் கொலைகாரர் இல்ல. அந்தக் கைப்பிடி அவரோடதே இல்ல. நான் கண்ணை மூடறதுக்குள்ள அதைக் கழட்டணும்."

வேறு வழியில்லாமல் மேயர் டல்லாஸிலிருந்து லோவெல் கிரிம்மை வரவழைத்திருந்தார். பழைய ரிவால்வர்களில் மாறிப்போன கைப்பிடியைக் கண்டுபிடித்து, பொருத்தமானதைத் தேடி மாட்டுவதுதான் லோவெலுக்குத் தொழில், பொழுதுபோக்கு, பக்தி எல்லாம்.

"அசல்னு நாலு வார்த்தை சொல்லிடுங்க லோவெல். விருந்துக்கு வெச்ச பிரிஸ்கெட் கறி ஆறிடப் போகுது."

லோவெல் வெள்ளைத் துணியை விரித்தார். குண்டு இல்லையென்று பார்த்துக்கொண்டு திருகாணியைக் கழற்றினார். எலும்புக் கட்டையைத் திருப்பிப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடப் பாவிகளா! இப்படியுமா செய்வாங்க?"

"ஏழு கொலையைத்தானே சொல்றீங்க?" மேயர் பெருமையாகக் கேட்டார்.

"கொலை கெடக்கட்டும் சார்! பிடி வேற துப்பாக்கியோடது! இரும்புல ஒரு நம்பர், கட்டை உள்பக்கம் இன்னொரு நம்பர். அடிப்பக்கம் பாருங்க, இரும்பெல்லாம் நசுங்கிக் கெடக்கு. எதையோ ஓங்கி ஓங்கி அடிச்சிருக்காரு. அந்த அடி கட்டையோட விளிம்புலயும் விழுந்திருக்கணுமா இல்லையா? இது மொழுமொழுன்னு இருக்கு. யாரோ பின்னாடி கொண்டாந்து மாட்டியிருக்காங்க."

வெர்னா கைப்பையைத் திறந்தாள். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய இரண்டு வால்நட் மரக்கட்டைகள்.

"எங்க வீட்டுப் பொத்தான் டப்பாவுல கெடந்துச்சு. இதை வெச்சுப் பாருங்க தம்பி."

நம்பர் ஒத்துப்போனது. லோவெல் கட்டைகளை மாட்டினார். இரும்பில் ஆரம்பித்த நசுங்கல் கோடு விலகாமல் மரத்தில் இறங்கி முடிந்தது.

"ஜாடிக்கேத்த மூடி!" என்றார் லோவெல். அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. "இதாங்க அசல்."

மேயர் துப்பாக்கியைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "வெட்டு ஒண்ணுகூட இல்லையே? அப்போ அவர் எதைத்தான் அடிச்சாரு?"

"ஆணி" என்றாள் வெர்னா. "புருஷன் போன பொம்பளைங்க வீட்டு வேலியெல்லாம் அவர்தான் அடிச்சுக் குடுப்பாராம். கையில வேற சாமான் இருக்காது. இதுதான் சுத்தியல்."

லோவெல் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "அம்மா சொல்றது சரி. இது சுட்டுத் தேஞ்ச துப்பாக்கியே இல்ல."

வெர்னா எழுந்து நின்றாள். "இப்போ மைக்குல சொல்லு ராய்ஸ். எங்க அமோஸ் யாரையும் கொல்லலன்னு சொல்லு. நான் கார்ல ஏறுறேன்."

கூட்டம் மொத்தமும் பாஸ்டர் ஓரினைத் திரும்பிப் பார்த்தது. ஞாயிறு தவறாமல் பத்துக் கட்டளைகளைப் போதிக்கிறவர். நியாயம் சொல்ல அவரை விட்டால் யார்?

பாஸ்டர் மெல்ல எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அப்போ... ஒருத்தரைக்கூடக் கொல்லாத ஆளுக்கா நாம சிலை வெச்சோம்?"