இரட்டை முடிச்சு

வாளுக்கான புது இடுப்புவார் விறைப்பாக இருக்கிறது. என் கணவன் லீவனால் குனிய முடியவில்லை. ஆலய வாசலில் உட்கார்ந்து அவன் காலணிக் கயிற்றை நான் கட்டிவிடுகிறேன். "குதிரை ஏறத் தெரியாதவனெல்லாம் மாவீரனாம்!" என்கிறேன். "ஆயுசு பூரா டிராம் ஓட்டினேன்டி, அது போதாதா? ரெட்டை முடிச்சா போடு. தடுக்கி விழுந்தேன்னா சிரிப்பானுங்க."

லீவன் இன்று வீரனாகச் சேரப்போவது, பழைய கிறிஸ்தவ வீரர்களின் நெறியில் இன்றும் வாழ முயலும் ஒரு சிறு சபையில். எளியவரைக் காப்பேன் என்று உறுதி சொல்லிவிட்டு, வெள்ளை மேலங்கியோடு லீவன் பலிபீடத்தின் முன் மண்டியிடுகிறான். சபைத் தலைவர் பெயர் சொல்லி அழைத்து வாளால் தோளைத் தொடும்வரை அவனை யாரும் தொடக்கூடாது. கடவுளோடு அவன் தனித்திருக்கும் நேரம். கென்ட் நகரத்தின் சாம்பல் வெளிச்சம் சன்னல்களில் நிற்கிறது. மெழுகு சொட்டுகிறது. லீவனின் தலை மெல்லக் கவிழ்ந்து, நெற்றி கல்படியில் படிகிறது. "எப்படி உருகி ஜெபிக்கிறாரு பாருங்க," என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சபை வீரர் கிசுகிசுக்கிறார். லீவனின் கை நழுவி, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடக்கிறது. நான் எழுகிறேன். அவர் என் முழங்கையைப் பிடிக்கிறார். "உக்காருங்கம்மா. இப்பத் தொட்டா உறுதிமொழி முறிஞ்சிடும்." "அவன் மூச்சே விடல!" "ஜெபத்துல இருக்காரும்மா." அவரை உதறிவிட்டு ஓடுகிறேன். லீவனின் கழுத்தில் விரல் வைக்கிறேன். துடிப்பில்லை. தலைவர் வாளைத் தரையில் வைத்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறார், மறுபடியும் அழைக்கிறார். மேலங்கியின் ஓரத்துக்கு வெளியே அவன் கால்கள் தெரிகின்றன. நான் போட்ட முடிச்சு இறுக்கமாகவே இருக்கிறது.