கிட்டங்கிச் சுவரில் ஈரக்கோடு

1964 கார்த்திகையில், இன்சூரன்ஸ் கம்பெனியின் முதலீட்டு அதிகாரி வேதமூர்த்தி, காசிம் மரைக்காயர் தனுஷ்கோடியில் புதிதாகக் கட்டிய சரக்குக் கிட்டங்கியைப் பார்க்க வந்தார். அதைக் கம்பெனி வாங்கினால் வேதமூர்த்திக்கு மேனேஜர் பதவி உறுதி.

வெள்ளையடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் உட்சுவர் நான்கிலும் நெஞ்சுயரத்தில் ஓர் ஈரக்கோடு ஓடியது. எந்தக் கட்டடத்திலும் செய்வதுபோல வேதமூர்த்தி அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

"கடல் உள்ள வந்துச்சா, மரைக்காயரே?"

"அட, நீங்க ஒண்ணு! இங்கன வாசப்படியக்கூட அது நனைச்சதில்ல. இந்தக் கோடுதான் தொடைக்கத் தொடைக்க வருது. கொத்தனாரு கைராசி!"

"கடல் மணலக் கழுவாமப் பூசியிருப்பான்" என்று அவரும் சிரித்தார். வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சாயங்காலம் இராமேஸ்வரம் லாட்ஜில் சட்டையைக் கழற்றினார். நெஞ்சிலிருந்து முதுகைச் சுற்றி அதே ஈரக்கோடு. துண்டால் துடைத்தார்.

மறுபடி வந்தது. ஒரு விரற்கடை மேலே.